ஏலத்துக்கு முன் ஒரு விசாரணை

கடன் கட்டத் தவறியவரின் காணியை வங்கி விற்கக் கூடாது என்று நான் ஒருநாளும் வாதிட்டதில்லை. திருகோணமலை நீதிமன்றங்களில் ஈட்டு வழக்குகளும் காணி வழக்குகளும் பேசிக் கழிந்த காலத்தில் சிலவேளை கடன் கொடுத்தவருக்காகவும், பெரும்பாலும் கடன் பட்டவருக்காகவும் தோன்றியிருக்கிறேன். ஈடு வைத்த காணி கடனுக்குப் பொறுப்பு என்பது இரு தரப்பும் ஒப்புக்கொண்ட நியாயம். அது இல்லாவிட்டால் எவரும் எவரையும் நம்பிப் பணம் கொடுக்கமாட்டார்கள். என்னை விடாமல் உறுத்தி வந்தது வேறொன்று. காணி கைமாறுவதற்கு முன், வங்கியையும் கடனாளியையும் சாராத ஒருவர் அந்தக் காணியின் உறுதியையும் கடன் கணக்கையும் விற்பனை விலையையும் ஒரு தடவையாவது எடுத்துப் பார்க்க வேண்டும் என்ற கடமை எங்கள் சட்டத்தில் இல்லை. ஏலம் முடிந்து, சான்றிதழ் எழுதி, வீட்டை விட்டு இறங்கச் சொல்லி மனு வந்த பிறகுதான் பார்வை தொடங்குகிறது. நாட்டின் வேறு பகுதிகளுக்கு இந்த ஒழுங்கு எவ்வளவு பொருந்தினாலும், துறைமுகத்தைச் சுற்றிக் கிடக்கும் இந்த மாவட்டத்துக்குப் பொருந்தவில்லை. கையாண்ட வழக்குகளை எல்லாம் சேர்த்து நினைத்துப் பார்க்கையில் நான் வந்து நிற்கும் முடிவு இதுதான்.

பராட்டே சட்டம் என்று எல்லாரும் சொல்வது, வங்கிகள் கடன் அறவிடுவதற்கான சிறப்பு ஏற்பாடுகளைக் கொண்ட 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டத்தை. உரோம ஒல்லாந்தச் சட்ட மரபிலிருந்து வந்து, அதுவரை அரச வங்கிகளிடம் இருந்த அதிகாரம் அந்தச் சட்டத்தால் தனியார் வணிக வங்கிகளுக்கும் கிடைத்தது. பணிப்பாளர் சபை ஒரு தீர்மானம் நிறைவேற்றினால் போதும். நீதிமன்றப் படி ஏறாமலே ஈட்டுக் காணியைப் பகிரங்க ஏலத்தில் விற்கலாம். தீர்மானம் வர்த்தமானியிலும், சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மூன்று மொழி நாளிதழ்களிலும் வரவேண்டும். ஏல நாளுக்குக் குறைந்தது 14 நாள் முன்னதாக விற்பனை அறிவித்தல் வர்த்தமானியில் வரவேண்டும். கடனாளிக்குத் தபாலில் பிரதி போகவேண்டும். விற்பனை முடிந்து சபை வழங்கும் சான்றிதழ், சட்டம் கேட்டதெல்லாம் ஒழுங்காகச் செய்யப்பட்டன என்பதற்கு முடிவான சான்று. வாங்கியவர் அதைக் கையில் பிடித்துக்கொண்டு மாவட்ட நீதிமன்றத்தில் உடைமை கேட்பார். தடையுத்தரவு கேட்டு எவரும் முந்திக்கொள்ளாவிட்டால், அந்தக் காணி ஒரு நீதிபதியின் கண்ணில் முதன்முதலாகப் படுவது அன்றைக்குத்தான்.

அந்த அறிவித்தல்களை வாசித்து வாசித்து அவற்றின் அமைப்பு எனக்கு மனப்பாடம். பத்திரிகையின் உட்பக்கத்தில் சின்ன எழுத்தில் நெருக்கி அச்சிட்ட ஒரு கட்டம். மேலே கணக்கு இலக்கம், கடனாளியின் பெயர். பிறகு ஈட்டு உறுதியின் இலக்கம், திகதி, அதை அத்தாட்சிப்படுத்திய நொத்தாரிசின் பெயர். இன்ன திகதியில் முதல் இவ்வளவு, வட்டி இவ்வளவு, அன்றிலிருந்து விற்பனை நாள் வரை ஆண்டுக்கு இத்தனை வீதம் மேலதிக வட்டி. அதற்குக் கீழே காணியின் அட்டவணை. கடைசியில் சபைச் செயலாளர். கடனாளி இடையில் கட்டிய தவணைகள் முதலுக்குப் போனதா வட்டிக்குப் போனதா, சலுகைக் காலத்து வட்டி எப்போது முதலோடு சேர்ந்தது, காணியின் இன்றைய மதிப்பு என்ன என்று அந்தக் கட்டத்தில் தேடினால் கிடைக்காது. சட்டம் அவற்றைக் கேட்கவில்லை, வங்கியும் சொல்லவில்லை. கடன் ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருக்கும், நிலுவைக் கடிதமும் ஆங்கிலத்தில் இருக்கும், கடைசியில் வீடு போகிறது என்ற செய்தி மட்டும் தமிழில் வந்து சேரும். இந்த வரிசையைத்தான் நான் மாற்றச் சொல்கிறேன்.

இனி இந்த ஊரின் உறுதிகளுக்கு வருவோம். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் தொட்டு, நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் இல்லாமல் காணி விற்பனை செல்லாது. 1927ஆம் ஆண்டின் பதிவுச் சட்டப்படி, முதலில் பதிந்த உறுதிக்கே முன்னுரிமை. தாளில் எல்லாம் திருத்தமாக இருக்கிறது. ஆனால் பழைய உறுதி ஒன்றை விரித்து அட்டவணையைப் படித்துப் பாருங்கள்: வடக்கே ஒழுங்கை, கிழக்கே இன்னாரின் பிள்ளைகளின் காணி, தெற்கே இன்னாரின் வளவு, மேற்கே கடற்கரை, இந்த எல்லைகளுக்குட்பட்ட நிலமும் வீடும் வான்பயிர் தான்பயிரும், கிணற்றில் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும். எல்லையைச் சொல்லும் பெயர்களெல்லாம் மனிதர்களின் பெயர்கள். அந்த மனிதர்கள் 1983இலும் 1985இலும் 1990இலும் 2006இலும் ஊரை விட்டு ஓடியவர்கள். வேலி போயிற்று, ஒழுங்கை மூடிப் பற்றைக் காடாயிற்று. நிலாவெளி, கிண்ணியா, மூதூர்க் கரைகளில் உறுதிகளோடு எஞ்சியிருந்த றங்குப் பெட்டிகளை 2004 டிசம்பரில் கடல் கொண்டுபோயிற்று. சொத்து பெரும்பாலும் பிரிபடாத பங்காக இருக்கும். பங்காளிகளில் ஒருவர் தொறொன்றோவில், ஒருவர் இலண்டனில், ஒருவர் எங்கே என்று தெரியாது. இப்படிப்பட்ட காணிக்கு ஒரு பணிப்பாளர் சபை கொழும்பிலிருந்து தீர்மானம் எழுதும்போது, அது கடனை மட்டும் அறவிடவில்லை. எல்லை எது, பங்கு எவ்வளவு, கையொப்பம் வைத்தவர் உண்மையிலேயே உரிமையாளரா என்ற கேள்விகள் ஒன்றையும் கேட்காமலே அவை எல்லாவற்றுக்கும் சேர்த்துப் பதில் எழுதிவிடுகிறது.

சட்டம் படித்தவர்கள் இங்கே குறுக்கிடுவார்கள். ஈடு வைத்தவருக்கு இல்லாத உரிமையை ஏலச் சான்றிதழ் உண்டாக்காதே, உண்மையான உரிமையாளர் வழக்குப் போட்டு மீட்கலாமே என்பார்கள். கோட்பாட்டளவில் சரி. நடைமுறையில் அந்த உரிமையாளர் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். தந்தைவழி, பாட்டன்வழி உறுதிகளைக் காணிப் பதிவகத்தில் தேடி எடுக்கவேண்டும். போலி அற்றோணித் தத்துவத்தின் பேரில் எழுதப்பட்ட உறுதியைப் போலி என்று நிரூபிக்கவேண்டும். நிரூபிக்கும் பாரம் முழுவதும் அவர் தலையில். எதிரே நிற்பவர் ஏலத்தில் காசு கொடுத்து வாங்கிய மூன்றாம் ஆள்; அவர்மீதும் குற்றமில்லை. அதோடு காலமும் ஓடிக்கொண்டிருக்கும். 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி, எதிரிடையாகப் பத்தாண்டு ஆட்சி செய்தவருக்கு உரித்து உண்டு. போரில் ஊரில் இருக்க முடியாதவர்களுக்காக 2016இல் 5ஆம் இலக்கச் சிறப்புச் சட்டம் வந்தது. 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தை அந்தக் கணக்கிலிருந்து கழித்தது நல்ல காரியம். ஆனால் வழக்குப் போட இரண்டே ஆண்டுதான் அவகாசம். அதுவும், பயங்கரவாத ஆயுதக் குழுக்களின் செயலால் நீதிமன்றம் போக முடியாதவர் என்ற வரையறைக்குள் வரவேண்டும். இராணுவ நடவடிக்கையால் இடம்பெயர்ந்தவரும், உயர்பாதுகாப்பு வலயத்துக்குள் காணியைப் பறிகொடுத்தவரும் அந்த வரையறைக்குள் எப்படி நுழைவது? விஷயம் கிராமங்களுக்குத் தெரியவந்தபோது வாசல் மூடிக்கொண்டிருந்தது.

வங்கியை மட்டும் குறை சொல்லி நிறுத்துவது நேர்மையாகாது. முதலில் தள்ளிவிட்டுப் பிறகு நிரூபிக்கச் சொல்லும் இதே ஒழுங்கை அரசும் வைத்திருக்கிறது. அரச காணிகளின் உடைமையை மீளப்பெறும் 1979ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ், இது அரச காணி என்று தகுதிவாய்ந்த அதிகாரி கருதினால் வெளியேற அறிவித்தல் கொடுப்பார். போகாவிட்டால் நீதவான் நீதிமன்றம். அங்கே குடியிருப்பவர் காட்டக்கூடியது செல்லுபடியான அனுமதிப் பத்திரமோ அரசின் எழுத்து மூல அதிகாரமோ மட்டும்தான். இது எங்கள் பரம்பரைக் காணி என்ற வாதத்துக்கு அந்த மன்றத்தில் இடமில்லை. வெளியேற்ற உத்தரவு வந்து ஆறு மாதத்துக்குள் வேறு வழக்குப் போட்டு உரித்தை நிலைநாட்டிக்கொள்ளலாம் என்கிறது சட்டம். கடற்படையும் விமானப்படையும் துறைமுக அதிகாரசபையும் சீனக்குடா எண்ணெய்க் குதங்களும் கரையோரத்தில் இவ்வளவு நிலத்தை வைத்திருக்கும் ஒரு மாவட்டத்தில், உறுதிக் காணி என்பது அரிதான பொருள். சம்பூரைப் பாருங்கள். 2006இல் சனம் வெளியேறியது. 2007இல் உயர்பாதுகாப்பு வலயம். 2012இல் 818 ஏக்கரைக் கைத்தொழில் வலயமாக்கிய வர்த்தமானி. 2015 மே மாதம் சனாதிபதி அதை இரத்துச் செய்த பிறகுதான் மக்கள் தங்கள் வளவுகளுக்குத் திரும்பத் தொடங்கினார்கள். உறுதி வைத்திருந்தவர்களுக்கே ஒன்பது ஆண்டு பிடித்தது. ஆகவே இங்கே ஒரு குடும்பம் தன் உறுதிக் காணியை ஏலத்தில் இழந்தால், பக்கத்திலே இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்று சொல்லித் தேற்றமுடியாது.

எனக்கு எதிராக வைக்கப்படும் வாதங்களில் மிகவும் கனமானது தாமதம் பற்றியது. அதைத் தட்டிக்கழிக்க மனம் வரவில்லை. 1949ஆம் ஆண்டின் ஈட்டுச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் போட்ட வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபட்டதை நானே கண்டிருக்கிறேன். அந்த இழுபறியில் என்னைப் போன்ற சட்டத்தரணிகளுக்கும் பங்குண்டு. வங்கியில் இருப்பது ஓய்வூதியக்காரரின் சேமிப்பும் கடற்றொழிலாளியின் வைப்பும்தான். அது திரும்பி வராவிட்டால் அடுத்த கடனாளிக்கு வட்டி ஏறும். இதெல்லாம் உண்மை. ஆனால் நான் கேட்பது பழைய ஈட்டு வழக்கை அல்ல. கையொப்பம் வைத்தவருக்கு இந்தப் பங்கு உண்டா, கணக்குச் சரியா, ஏலத்தின் அடிவிலை மதிப்பீட்டாளர் சொன்ன மதிப்பை ஒட்டியதா என்ற மூன்றை மட்டும், குறித்த நாட்களுக்குள் மாவட்ட நீதிபதி பார்க்கட்டும். கடன் கொடுத்த நாளில் உரித்து அறிக்கையையும் மதிப்பீட்டையும் வாங்கிக் கோப்பில் வைத்திருப்பது வங்கிதான், கணக்கும் அதனிடம்தான். அந்தக் கோப்பை மன்றத்தின் முன் திறந்து வைக்க 90 நாள் தாராளமாகப் போதும்.

வெளியூர்களில் நடந்ததும் இதையே சொல்கிறது. இந்தியாவில் 2002இல் வந்த சர்ஃபாசி சட்டமும் வங்கிக்கு நேரடியாக விற்கும் அதிகாரத்தைக் கொடுத்தது. கடனாளி தீர்ப்பாயத்துக்குப் போக முதலில் கோரப்பட்ட தொகையில் 75 வீதத்தைக் கட்டவேண்டும் என்றும் அது சொன்னது. 2004இல் மார்டியா கெமிக்கல்ஸ் வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் சட்டத்தை ஏற்றுக்கொண்டு அந்த நிபந்தனையை மட்டும் தூக்கி எறிந்தது. அதனால் இந்திய வங்கித்துறை இடிந்து விழவில்லை. அமெரிக்காவில் சில மாநிலங்களில் வங்கி நீதிமன்றம் போய்த்தான் வீட்டை விற்கலாம். வேறு சிலவற்றில் போகவே தேவையில்லை. 2010இல் அங்கே ஒரு பெரிய முறைகேடு வெளிவந்தது: வங்கிகளுக்காக வேலை செய்தவர்கள் கடன் கணக்கைப் படித்தும் பாராமல் மாதம் ஆயிரக்கணக்கில் சத்தியக்கடதாசிகளில் கையொப்பம் வைத்திருந்தார்கள். அது அம்பலமானது புளோரிடா, மேய்ன் போன்ற, நீதிமன்றம் போயாகவேண்டிய மாநிலங்களில். அங்கேதான் கையொப்பமிட்டவரை உட்காரவைத்துக் குறுக்குக் கேள்வி கேட்க ஒரு சட்டத்தரணிக்கு வழி இருந்தது. 2012இல் ஐந்து பெரிய நிறுவனங்கள் ஏறத்தாழ 25 பில்லியன் டொலருக்கு இணக்கத்துக்கு வந்தன. கேள்வி கேட்க இடமில்லாத மாநிலங்களில் பிழை இருந்திருந்தாலும் அதைக் கண்டுபிடிக்க ஆளில்லை.

விசாரணை ஏற்கனவே இருக்கிறதே, தடையுத்தரவு கேட்டுக் கடனாளி போகலாமே என்பது அடுத்த வாதம். போகலாம், போய் வென்றவர்களும் உண்டு. ஆனால் தபாலில் வந்த கடிதத்தை ஒருவரிடம் வாசிப்பித்து, சட்டத்தரணியைப் பிடித்து, காசு திரட்டி, வங்கியிடமுள்ள ஆவணங்கள் இல்லாமலே வழக்கு எழுதி, நீதிபதி கேட்கும் பிணைத்தொகையையும் கட்டி முடிக்கக் கிடைப்பது சில வாரங்கள். தவணை கட்டக் காசில்லாததால்தானே அவர் இந்த நிலைக்கு வந்தார்? ராமச்சந்திரன் எதிர் ஹற்றன் நாஷனல் வங்கி வழக்கில், கடன் வாங்காமல் பிறருக்காக ஈடு மட்டும் வைத்தவரின் காணியை பராட்டே சட்டத்தின் கீழ் விற்க முடியாது என்று உச்ச நீதிமன்றப் பெரும்பான்மை தீர்த்தது. மகனின் வியாபாரத்துக்குத் தன் சீதன வீட்டைக் கொடுத்த தாய்மாருக்கு அது பெரிய ஆறுதல். ஆயினும் தாயையே இணைக் கடனாளியாக்கிக் கையொப்பம் வாங்கிவிட்டால் அந்தப் பாதுகாப்பு அவளுக்கு எட்டாது. ஒரு நீதிபதி முன்கூட்டியே பார்த்திருந்தால் கேட்டிருக்கக்கூடிய முதல் கேள்வி, அம்மா, இந்தப் பணத்தில் ஒரு சதமாவது உங்கள் கைக்கு வந்ததா என்பதுதான்.

ஐம்பது இலட்சம் ரூபாவுக்குக் குறைந்த கடனுக்குப் பராட்டே செல்லாது என்று 2011இல் திருத்தினார்களே, ஏழைகள் தப்பிவிட்டார்களே என்பவர்கள், உப்புவெளியிலிருந்து நிலாவெளி வரையான கரையை ஒருமுறை நினைக்கவேண்டும். போர் முடிந்தபின் அங்கே விருந்தினர் இல்லம் கட்டியவர்களில் பலர் பெரிய பணக்காரர்களல்ல. பெற்றோர் விட்டுப்போன கடற்கரைக் காணியை ஈடு வைத்து ஆறு அறை, எட்டு அறை கட்டியவர்கள். அறை கட்டும் செலவில் கடன் அந்த வரம்பைத் தாண்டிவிட்டது. 2019 ஏப்ரல் 21 குண்டுகளுக்குப் பிறகு உல்லாசப் பயணி வரவில்லை. 2020இல் கொரோனா. சலுகைக் காலம் கொடுத்தார்கள்; வட்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது. 2022 ஏப்ரல் 8ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டி வீதங்களை ஒரே தடவையில் 7 சதவீதப் புள்ளிகள் உயர்த்தியது. மாறும் வட்டியில் கையொப்பம் வைத்தவரின் தவணை, அவர் ஒரு தப்பும் செய்யாமலே ஏறிற்று. 2024இல் அரசு பராட்டே அதிகாரத்தை டிசம்பர் 15 வரை இடைநிறுத்தியது. பிறகு 2025 மார்ச் 31 வரை நீட்டியது. அந்த ஏற்பாட்டை வரவேற்றவர்களோடு என்னால் முழுதாக ஒத்துப்போக முடியவில்லை. எல்லா ஏலத்தையும் நிறுத்தியபோது, கட்ட வசதியிருந்தும் கட்டாதவருக்கும் அதே நிழல் கிடைத்தது. கட்ட முடியாதவருக்கோ வட்டி குட்டி போட்டுக்கொண்டே போயிற்று. இந்த இரண்டு பேரையும் வேறுபிரிக்க ஒருவர் உட்கார்ந்து கணக்குப் பார்க்கவேண்டும். அதைச் செய்ய ஏற்பாடு இல்லாததால்தான் சட்டம் முழுவதையும் திறப்பதும் மூடுவதுமாக இருக்கிறோம்.

அந்த வரம்புக்குக் கீழே உள்ளவர்களின் கதை வேறு. அவர்களில் பலர் வங்கிக்கே போக முடியாதவர்கள். அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த பெர்மிற் காணியை நினைத்தபடி ஈடு வைக்க முடியாது, பிரிபடாத பங்கை வங்கி எடுக்காது. ஆகவே தனியாரிடம் போகிறார்கள். அவர் ஈட்டு உறுதி எழுதுவதில்லை; அறுதி உறுதியே எழுதச் சொல்கிறார், காசைக் கட்டினால் திருப்பி எழுதித் தருவதாக வாய்ப்பேச்சு. இங்கே ஏலமும் இல்லை, அறிவித்தலும் இல்லை. உறுதியில் கையொப்பம் விழுந்த அன்றே காணி போயிற்று. 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் 83ஆம் பிரிவு இவர்களுக்குக் கொஞ்சம் கைகொடுக்கிறது: விற்றவர் உண்மையில் தன் பயனுரிமையை விட்டுக்கொடுக்க எண்ணவில்லை என்பதைச் சுற்றுச்சூழ்நிலை காட்டினால், வாங்கியவர் அதை விற்றவருக்காகவே வைத்திருக்கிறார் என்று நீதிமன்றம் கொள்ளலாம். விலை மதிப்பைவிட மிகக் குறைவா, விற்றவர் தொடர்ந்து குடியிருந்தாரா, உறுதிச் செலவைக் கொடுத்தவர் யார் என்றெல்லாம் நீதிபதி பார்ப்பார். இந்தப் பிரிவின் கீழ் பேசிய வழக்குகள்தான் என் நம்பிக்கையை வளர்த்தன. தாளில் இருப்பதைத் தாண்டி உண்மையைத் தேட எங்கள் மாவட்ட நீதிபதிகளுக்குத் தெரியும். ஒரு வட்டிக்காரரின் உறுதிக்குக் கிடைக்கும் அந்தப் பரிசோதனை ஒரு வங்கியின் ஏலத்துக்கு முன் ஏன் கிடைக்கக் கூடாது?

இப்படிக் கடுமையாக்கினால் வங்கிகள் கிழக்குக்குக் கடன் கொடுப்பதையே நிறுத்திவிடும் என்று கடைசியாகச் சொல்வார்கள். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. ஆனால் இங்கே ஏலங்களில் கேள்வி ஏன் ஏறுவதில்லை என்பதைப் பார்த்தபோது அது குறைந்தது. திருகோணமலையில் ஏலக் காணி என்றால் பின்னால் ஒரு வழக்கு வரும் என்று வாங்குபவருக்குத் தெரியும். உள்ளே குடியிருப்பவரை எழுப்ப வேண்டும், வெளிநாட்டிலிருந்து ஒரு பங்காளி வந்து நிற்கக்கூடும், எல்லையில் தகராறு இருக்கும். அதையெல்லாம் கழித்துத்தான் அவர் விலை சொல்கிறார். கேட்க ஆளில்லாவிட்டால் வங்கியே வாங்கி வைத்துக்கொண்டு அதே தலையிடியைத் தானும் சுமக்கிறது. மீதிக் கடன் கடனாளியின் தலையில் அப்படியே நிற்கிறது. உரித்தையும் கணக்கையும் அடிவிலையையும் நீதிபதி ஒருவர் பார்த்து ஒப்பமிட்ட காணி விற்பனைக்கு வந்தால், வாங்குபவர் தைரியமாக விலை சொல்வார். கடன் கூடுதலாகத் தீரும், மிஞ்சினால் சட்டப்படி கடனாளியிடமே திரும்பும். சான்றிதழை முடிவான சான்று என்று சொல்லும் ஏற்பாட்டை நீக்கச் சொல்லவில்லை. அந்தத் தகுதி விசாரணை நடந்த விற்பனைகளுக்கு மட்டும் இருக்கட்டும்.